ஊரார் முன் அரங்கேற்றம்

கொங்கு நாட்டில், அவினாசியிலிருந்து புளியம்பட்டிக்குச் செல்லும் சாலையில் அமைந்த பழம்பதி சேவூர். வாலி வழிபட்ட தலம் என்று மரபு கூறும் வாலீசுவரர் திருக்கோயில் அங்கே உள்ளது. சுற்றியுள்ள காடுகளில் விளையும் நிலக்கடலை அவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகிறது. ஆயினும் அவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிவது இன்று கடலையால் மட்டும் அன்று, தறியாலும் பனியனாலுந்தான். காலையில் பனியன் கம்பெனி வண்டிகள் ஊர்தோறும் வந்து தொழிலாளரை ஏற்றிச் செல்கின்றன. இரவில் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன.

அவ்வண்டியில் சென்று வரும் ஒருவர் கவிதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்க. பகலெல்லாம் தையற்பொறியின்முன் குனிந்திருப்பவர், இரவில் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதுகிறார். எழுதியதை எங்கே வைப்பார்? துணிப்பெட்டியின் அடியில் வைப்பார். மனைவி மக்கள் கண்ணிலும் படாதவாறு வைப்பார். பெரும்புலவர் எவரேனும் வந்து குற்றங் காண்பார் என்ற அச்சமா அது? அன்று. சேவூருக்குப் பெரும்புலவர் நாள்தோறும் வருவதில்லை. அவர் அஞ்சுவது தேநீர்க் கடைப் பலகையை. செய்தி ஒருமுறை அங்கே எட்டிவிட்டால், "என்னங்க புலவரே, இன்னிக்குப் பாட்டு ஒண்ணும் இல்லீங்களா?" என்று மாமன் முறையார் ஒருவர் கேட்பார், பலகை முழுதும் சிரிக்கும். அன்றுமுதல் அவர் பெயர் புலவர்தான். அவர் மகன் பள்ளிக்கூடத்தில் புலவர் மகன் என்று அழைக்கப்படுவான். தமிழில் மிக உயர்ந்த பட்டம் ஒன்று இவ்வாறு ஏளனப் பெயராக மாறுவது வியப்புக்குரியது; ஆயினும் பல ஊர்களில் நடப்பது இதுவே.

திருவள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்து அவையஞ்சாமை என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். 72ஆம் அதிகாரமும் 73ஆம் அதிகாரமும் அவை. இரண்டும் அமைச்சியலின்பாற் பட்டன. கற்றோர் கூடிய மன்றத்தில் நடுங்காது சொல்லும் ஆற்றல் அமைச்சனுக்கு வேண்டும் என்பது கருத்து. அந்த அச்சத்துக்கு மருந்து உண்டு. நன்றாகக் கற்றுத் தெளிந்தவனுக்கு அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஊரவையின் நிலை வேறு. அதில் அமர்ந்திருப்போர் கற்றவர் அல்லராயினும் ஒருவனை நன்கு அறிந்தவர். அவன் தந்தை பட்ட கடனையும், அவன் எட்டாம் வகுப்பில் தவறியதையும் அறிந்தவர். எவ்வளவு கற்றாலும் அவ்வறிவிலிருந்து ஒருவன் மறைந்துகொள்ள இயலாது. முன்பின் அறியாதார் ஆயிரவர்முன் பாடிவிடலாம். அத்தை மகன் ஒருவன்முன் பாடுவது கடினம். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தோருட் சிலர் தங்கும் அறைகளில் கூச்சமின்றிப் பாடுவதற்கும் இதுவே காரணமாகலாம். அவர்களை அறிந்தவர் அங்கே இலர். ஆதலின், அமைச்சனுக்கு வேண்டிய அஞ்சாமையினும் சேவூர்த் தையற்காரருக்கு வேண்டிய அஞ்சாமை சிறிது என்று எவரும் எண்ணிவிடலாகாது.

தமிழர் இவ்வச்சத்தை நெடுங்காலமாக அறிந்தவர். அறிந்ததனால்தான் அதற்கு ஒரு முறையை வகுத்தனர். அதன் பெயர் அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்பது அந்நூற்பாயிரம் தரும் செய்தி. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்றும், சேக்கிழார் தில்லையில் அரங்கேற்றினார் என்றும் மரபு கூறும். நூல் எழுதி முடித்தவுடன் அது நூலாகிவிடுவதில்லை. பிறர் கேட்டு, வினவி, ஏற்ற பின்னரே அது நூலாயிற்று. பெரியவர்களும் இதற்கு விலக்குப் பெறவில்லை.

இவ்விடத்தில் அவையடக்கம் என்பதனையும் கருதவேண்டும். பாற்கடலைப் பருகிவிட எண்ணும் பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர். இதனைக் காட்டி, "அத்தகைய கவிஞரே அவ்வளவு அடங்கினார், மற்றவர் வாய் திறப்பது தகுமா?" என்று சிலர் மாணவரை அடக்குவதுண்டு. அது பொருந்தாத வாதம். அவையடக்கம் பாடியவர் அவைக்கு வந்தவர். வந்து நின்று, தம் குறையையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதன்பின் பல்லாயிரம் பாடல்களைப் பாடியவர். அவைக்கே வாராதவனுக்கு அவையடக்கம் எங்ஙனம் உண்டாகும்? நோட்டைப் பெட்டிக்கடியில் வைத்தவன் தன்னை அடக்கமுடையவன் என்று கருதிக்கொள்ளலாம். நுணுகி நோக்கின், தன்பால் எவரும் ஒரு குறையும் கண்டுவிடலாகாது என்னும் எண்ணமே அங்கு ஒளிந்திருக்கக் காணலாம். அதற்கு அடக்கம் என்று பெயரிடுவது அச்சொல்லுக்குச் செய்யும் குற்றமாகும்.

அரங்கேற்றம் என்னும் சொல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அது இன்றும் உயிரோடு உலவுகிறது. வள்ளி கும்மி என்னும் ஆட்டத்தில், வள்ளி முருகனை மணந்த கதையை ஆசிரியர் பாட, ஆடுவோர் வட்டமாய் நின்று கைகொட்டி அடிபெயர்த்து ஆடுவர். பயிற்சி பெரும்பாலும் இரவில் நடைபெறும். பகலில் எவருக்கும் ஓய்வில்லை. கோயில் முற்றத்திலோ ஊர்ப்பொதுவிடத்திலோ விளக்கொன்றைக் கட்டிவிட்டுப் பயில்வர். தையற்பொறியில் அமர்ந்து இடுப்பு வலித்த பெண்ணும், தறி ஓட்டிவிட்டு வந்தவரும், பள்ளிச் சிறுமியும், பேரன் பேத்தி கண்ட மூதாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்பர். பல நாட் பயிற்சிக்குப் பின்னர் ஒரு நாள் குறித்து, ஊரார் அனைவர்முன்னும் ஆடுவர். அந்நாளை அரங்கேற்றம் என்றே அழைக்கின்றனர்.

அந்நாளில் அவையில் இருப்போர் யாவர்? மாமியார் இருப்பார், நாத்தனார் இருப்பார், உடன் வேலை செய்வோர் இருப்பர், பிள்ளைகளின் வகுப்புத் தோழர் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். எல்லாரும் அறிந்தவர், எவர் கால் எப்போது தவறும் என்று நோக்குபவரும் அவருட் சிலர். கால் தவறுவதும் உண்டு. தவறினவர் நின்று நாணுவதற்கு நேரமில்லை. தாளம் நிற்பதில்லையாதலால் அடுத்த அடியில் வட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும். முதல் ஆட்டத்தில் முகந் தாழ்த்தி ஆடியவர் மூன்றாம் ஆட்டத்தில் நிமிர்ந்து ஆடுவர். வட்டத்தின் நன்மை அது. தனித்து நிற்பவனுக்கு இல்லாத ஒரு துணை, பக்கத்தில் நிற்பவரின் கையொலியில் இருக்கிறது.

இவ்வட்டத்தில் பெண்கள் நிற்பதும் தானாக நேர்ந்ததன்று. கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் என்னும் கலைஞர், ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தார். 2024ஆம் ஆண்டில், தம் 87ஆம் அகவையில், அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது. விருது கிடைத்தபின் பாராட்டுவோர் பலர்; அது இயற்கையே. ஆனால் முதன்முதல் அவ்வட்டத்தில் வந்து நின்ற பெண்களுக்கு எவ்விருதும் முன்னதாகக் காட்டப்படவில்லை. அவர் பெயர்களை எந்நூலும் முழுமையாகக் குறித்து வைக்கவுமில்லை. அவர்தம் துணிவே இங்கு எண்ணத்தக்கது.

கொங்கு நாட்டு ஈரோட்டில், 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தம் தாயைப் பெற்றவர் இல்லத்தில் பிறந்தவர் கணித மேதை சீனிவாச இராமாநுசன். வளர்ந்தது கும்பகோணத்தில். கணிதம் ஒன்றிலேயே மனம் செலுத்தினமையால் பிற பாடங்களில் தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தார். பலகையில் எழுதி எழுதி அழித்து, கண்ட முடிபுகளை மட்டும் நோட்டுகளில் எழுதி வைத்தார். படிப்பில் தோற்றவர் என்று ஊரார் கருதிய இளைஞர் ஒருவர், தம் நோட்டை மறைத்து வைப்பதற்கு எல்லாக் காரணங்களும் உடையவர். அவர் மறைக்கவில்லை. 1910ஆம் ஆண்டில் நோட்டுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவலூர் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரைக் கண்டார். பின்னர் நெல்லூரில் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவிடம் காட்டினார். வேலை வேண்டி வந்த இளைஞன் கையில் அழுக்கு நோட்டுடன் நிற்பது எளிய காட்சியன்று. சில வாயில்களில் அவர் ஐயத்தோடு நோக்கப்பட்டார்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கு எழுத்தராக அமர்ந்தபின், அவர் ஆராய்ச்சி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. இலண்டன் பேராசிரியர் ஒருவர் அதிற் சில பிழைகளை எடுத்துக்காட்டினார். கேம்பிரிட்சுப் பேரறிஞர் இருவரிடமிருந்து உதவி ஏதும் வரவில்லை. அதற்குப் பிறகுதான், 1913 சனவரி 16ஆம் நாளிட்ட கடிதத்தை அவர் ஆர்டி என்னும் பேராசிரியருக்கு எழுதினார். ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். இதுவும் ஓர் அவையடக்கமே. அதன் பின் தம் முடிபுகளைப் பக்கம் பக்கமாக எழுதினார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் ஒரு செய்தியை விட்டுவிடுவர். அக்கடிதத்தில் இருந்தவை யாவும் சரியானவை அல்ல. பகா எண்களைப் பற்றி அவர் கண்ட முடிபுகளுட் பிழையானவையும் இருந்தன. ஆர்டி அவற்றையும் கண்டார். கண்டும், மற்றவற்றின் ஆழத்தை உணர்ந்து உடனே விடை எழுதினார். பிழை ஒன்றும் இல்லாதபோதுதான் அனுப்புவேன் என்று இராமாநுசன் காத்திருந்தால், துறைமுகக் கழகத்திலேயே காலம் கழிந்திருக்கும். அவருக்கு வாய்த்த ஆயுள் 32 ஆண்டுகளே. 1920ஆம் ஆண்டு ஏப்பிரலில் மறைந்தார். காத்திருக்க அவருக்குக் காலம் இருக்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. எவருக்கேனும் அது முன்னரே தெரிவதுண்டோ?

சேவூரைப் போலவே இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள மற்றொரு பகுதி தாராபுரம். அதனைச் சார்ந்த கீரனூரில் 1917ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய 'நாகம்மாள்' என்னும் நாவல் 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணவனை இழந்த குடியானவப் பெண் ஒருத்தி தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்பதும் அதனால் விளையும் கேடுமே அதன் கதை. அதில் மாந்தர் பேசுவது கொங்குச் சிற்றூர்ப் பேச்சு. வட்டார வாழ்வையும் வட்டார மொழியையும் எழுதிய தமிழ் நாவல்களுள் அது முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

இதில் துணிவு யாதெனின், அவர் வெளியே காட்டியது தம் கற்பனையை மட்டும் அன்று. தம் ஊரின் பேச்சையும் சண்டையையும் சேர்த்துக் காட்டினார். பட்டணத்துக்குச் சென்ற கிராமத்து இளைஞன் முதலில் மறைப்பது தன் பேச்சைத்தான். அதனை அச்சில் ஏற்றுவது இரு பக்கமும் அடி வாங்குவதற்கு ஒப்பாகும். படித்தவர் இது கொச்சை என்பர். ஊரார் வீட்டுச் சண்டையை வீதியில் போட்டான் என்பர். இருபத்தைந்து வயதளவில் ஓர் இளைஞர் அதனைச் செய்தார். இன்று கொங்கு வாழ்வை எழுதும் எவரும் அவர் திறந்த வழியை அறியாமல் எழுதுவதற்கில்லை.

இவ்வாறு கூறின், மறுப்பு ஒன்று எழும். உலகில் உயர்ந்த படைப்புகள் சில மறைந்தே கிடந்தன அல்லவா? அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 பாடல்கள் எழுதினார். அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை மிகச் சிலவே. 1886ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் தங்கை பெட்டியைத் திறந்தபோதுதான் பெருஞ்செல்வம் வெளிப்பட்டது. உண்மையே. ஆயினும் அவரும் முழுதும் மறைந்திருந்தவர் அல்லர். அண்ணன் மனைவிக்குத் தம் பாடல்களை அனுப்பினார். 1862ஆம் ஆண்டில், முன்பின் காணாத எழுத்தாளர் ஒருவருக்கு நான்கு பாடல்களை அனுப்பி, அவற்றுக்கு உயிர் உண்டா என்று வினவினார். அவருக்கு உலகம் வேண்டுவதாயில்லை. ஓர் உண்மையான செவி வேண்டுவதாயிருந்தது. எல்லாரும் மேடை ஏறவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. இரண்டு பேர் கேட்டாலும் அது அவைதான்.

எழுதியதை எல்லாம் உடனே காட்டிவிடுதலும் வேண்டா. இராமாநுசனும் பல ஆண்டு உழைத்த பின்னரே நோட்டை எடுத்துச் சென்றார். கும்மிக் குழுவினரும் பல இரவு பயின்ற பின்னரே நாள் குறிக்கின்றனர். ஆனால் பயிற்சி ஓர் எல்லைவரைதான் தனிமையில் நிகழும். அதற்குமேல் வளர்வதற்குப் பிறர் கண் வேண்டும். பின்னலாடைத் தொழிலில் வாழ்வோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பின்னற்பொறியில் ஓர் ஊசி பழுதானால் துணியின் நீளமெல்லாம் ஒரு கோடு விழும். துணி சுருளாயிருக்கும்வரை அது தெரியாது. விரித்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். தெரிந்தபின் எவரும் பொறி ஓட்டியவரின் குலங்கோத்திரத்தைப் பழிப்பதில்லை, ஊசியை மாற்றுவர். செக்கிங் பகுதியில் இருக்கும் பெண்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஆடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இங்கே தையல் விட்டது, இங்கே துளை உள்ளது என்று அடையாளம் வைக்கின்றனர். குற்றத்தைச் சுட்டுவது வேறு, குற்றமுடையவனை எள்ளுவது வேறு என்பதை அத்தொழிலகம் நன்கு அறிந்திருக்கிறது. அதே மக்கள் தேநீர்க் கடைக்கு வந்தவுடன் இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதுதான் விளங்கவில்லை.

ஆகவே, துணிவு வேண்டுமென்று எழுதுவோனுக்கு மட்டும் உபதேசம் செய்வது பாதி வேலையே. கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. பழைய அரங்கேற்றத்தில் கேட்டவர் வினா எழுப்பினர், விடை கேட்டனர், இறுதியில் ஏற்றனர். அவர் வாளா சிரித்துவிட்டு எழுந்து போகவில்லை. புலவர் என்று கேலி பேசும் பலகைக்கு, அப்புலவர் பாட்டில் எவ்வரி தளர்ந்தது என்று சொல்லத் தெரியுமா? தெரிந்தால் சொல்லட்டும், அதனைக் கேட்கவே ஏங்குகிறவர் அவர். பள்ளிகளிலும் ஒரு குறை உண்டு. மூன்று பேருக்குப் பரிசளித்து, மற்ற முப்பது பேரை அனுப்பிவிடும் போட்டிகளே பெரும்பாலும் நடைபெறுகின்றன. அந்த முப்பதின்மரும் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: முதன்மை பெறும் உறுதி இல்லையேல் காட்டாதிருப்பதே நலம். போட்டி தீதன்று. பரிசில்லாத அவை ஒன்றும் அதனோடு இருத்தல் வேண்டும்.

அத்தகைய அவைக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஊர் நூலகத் திண்ணை போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் போதும். வருவோர் ஒவ்வொருவரும் தாம் எழுதிய ஒரு பக்கமோ, வரைந்த ஒரு படமோ, கட்டிய ஒரு பாட்டோ கொண்டுவரலாம். கேட்டவர், விளங்காத ஓர் இடத்தையும் மனத்தில் நின்ற ஓர் இடத்தையும் மட்டும் கூறினால் போதும். பட்டம் சூட்டுதலும் வேண்டா, கேலிப்பெயர் சூட்டுதலும் வேண்டா. தையற்பொறியிலிருந்து வருவோரையும் மாணவரோடு அமரச் செய்தல் வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை எவரும் எதனையும் கொண்டுவரமாட்டார். கொண்டுவந்தாலும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பர். அன்று தமிழாசிரியரே தாம் எழுதி முடிக்காத ஒன்றை எடுத்துப் படிப்பது நன்று. எந்த இடத்தில் அது தமக்கே பிடிபடவில்லை என்பதையும் கூறி, மாணவர் சொல்லும் குறையைத் தம் கையால் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளட்டும்.